புலுனியின் தலை ஏன் வெள்ளையாக இல்லை?

முற்றத்துக்காரி (விசுவமடு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விசுவமடுவில், பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே, அரை ஏக்கர் வளவொன்றில் வசிக்கிறேன். நெடுங்காலம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்துவிட்டுச் சென்ற ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். காலையில் தேநீரோடு பின் விறாந்தையில் இருந்து வளவைப் பார்த்துக்கொண்டிருக்க இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. பறவைகளைப் பற்றி அதிகம் தெரியாதவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காகம், கிளி, மைனா, செண்பகம், கொண்டைக்குருவி என்று ஐந்தாறு பெயர்களோடு என் அறிவு முடிந்துவிடும்.

என் கேள்வி புலுனியைப் பற்றியது. எங்கள் வளவுக்கு ஒரு கூட்டம் நாள் தவறாமல் வருகிறது. விடிந்து சிறிது நேரத்தில் கிழக்கு வேலிக் கிளுவைக்குள்ளிருந்து சத்தம் கேட்கும். பிறகு ஒன்று நிலத்தில் இறங்கும், அதன்பின் இன்னொன்று இறங்கும், அதன்பின் மிச்சம் எல்லாம் கொட்டுண்டதுபோல இறங்கி மாமரத்தின் கீழ்ச் சருகைக் கிளறத் தொடங்கிவிடும். காகத்தைப்போல அவை கால் எடுத்து வைத்து நடப்பதில்லை; இரண்டு காலையும் சேர்த்துத் தத்தித் தத்தியே போகின்றன. சருகைக் கோழிபோலக் காலால் சீய்ப்பதும் இல்லை. சொண்டால் ஒவ்வோர் இலையாகப் பிடித்துப் பக்கத்தில் எறிந்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கின்றன. உடம்பு முழுவதும் புழுதி படிந்ததுபோன்ற சாம்பல் கலந்த மண்ணிறம். சொண்டும் காலும் மஞ்சள். கண் மட்டும் வெளிறிப்போய், வெள்ளைக்கு அருகான நிறத்தில், எந்நேரமும் யாருடனோ கோபித்துக்கொண்டிருப்பதுபோல ஒரு பார்வை. கூட்டத்தில் ஒன்றுக்கு வாலே இல்லை. பக்கத்து வீட்டுப் பூனையின் வேலையாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்.

விடுமுறைக்கு வந்த என் பேரன் கைத்தொலைபேசியில் தேடி, தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட படமொன்றைக் காட்டினான். அதன் கீழ் தவிட்டுக்குருவி என்றும் வெண்தலைச் சிலம்பன் என்றும் போட்டிருந்தது. சொண்டு, கால், கண், நிற்கும் விதம் எல்லாம் எங்கள் புலுனியேதான். ஆனால் படத்தில் இருந்த பறவையின் உச்சந்தலை பால்வெள்ளையாக இருந்தது. எங்கள் வளவுப் பறவைகளின் தலை முதுகின் அதே சாம்பல்தான். மூன்று நாள் உற்றுப் பார்த்தேன், ஒன்றின் தலையிலும் வெள்ளை இல்லை. “அம்மம்மா, உங்கட புலுனி வேற” என்று பேரன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். வேறு இனமா, இளம் பறவைகளா, அல்லது ஏதும் நோயா?

இன்னுமொரு சிறு சந்தேகம். கடந்த ஒரு கிழமையாக அந்தக் கூட்டத்தோடு தோற்றத்தில் சற்று வேறான ஒரு பறவையும் வருகிறது. மேற்புறம் மங்கிய கபில நிறம், நெஞ்சு வெளிறிய சந்தன நிறம், தலையில் குட்டையாக ஒரு கொண்டை. அது நிலத்தில் இறங்குவது குறைவு. அது என்ன என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


பாலைநிழல் (கிளிநொச்சி) எழுதியது:

வணக்கம் அக்கா. உங்கள் பறவைக்கு நோயும் இல்லை, பேரன் காட்டிய படத்தில் பிழையும் இல்லை. இரண்டும் ஒரே இனம்தான். நடுவில் பாக்கு நீரிணை கிடக்கிறது, அவ்வளவே.

இந்த இனம் உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. விஞ்ஞானப் பெயர் ஆர்கியா அஃபினிஸ். பழைய நூல்களில் டர்டோய்டிஸ் என்ற பேரினத்தின் கீழ் இருக்கும். 2018 இல் வெளியான மரபணு ஆய்வைத் தொடர்ந்து ஆர்கியாவுக்கு மாற்றினார்கள். தென்னிந்தியாவில் உள்ள பறவைகளுக்கு உச்சந்தலை வெளிறிப் பாலாடை நிறத்தில் இருக்கும், தொண்டையும் கன்னமும் அதற்கு எதிராகக் கருமை கலந்து தெரியும். அதனால்தான் அங்கே வெண்தலை என்று பெயர் வைத்தார்கள். இலங்கையில் உள்ளது தனி உள்ளினம். இந்தத் தீவுக்குக் கிரேக்கர் வழங்கிய தப்ரோபேன் என்ற பெயரையொட்டி அதற்குத் தப்ரோபேனஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம்முடையதில் அந்த வெண்தலை கிடையாது. தலை, முதுகு, வால் எல்லாம் ஒரே சாம்பல். ஆகவே தமிழ்நாட்டில் வெளியாகும் நல்ல பறவை நூலை வாங்கி வைத்துக்கொண்டு வன்னியில் புலுனியைத் தேடுகிற எவரும் உங்களைப்போலத்தான் குழம்புவார்கள். நானும் குழம்பியிருக்கிறேன். ஒரு காலத்தில் நமது பறவைக்குத் தமிழில் ‘வெண்தலை’ என்று ஒரு பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டுத் திருத்தினேன். நமக்குப் புலுனி என்ற பெயரே போதும்.

புலுனியின் செட்டை குட்டையானது, வட்டமானது. பத்துத் தடவை வேகமாக அடித்துவிட்டு, செட்டையை விரித்தபடி சறுக்கிப் போய் அடுத்த பற்றைக்குள் விழும். அதற்கு மேல் பறப்பதை நான் கண்டதில்லை. இப்படிப்பட்ட பறவை மன்னார்க் கரையிலிருந்து கிளம்பி இராமேசுவரத்தில் போய் இறங்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் இரண்டு கரையும் நிலத்தால் இணைந்திருந்தன. அது மூழ்கிய பிறகு இங்கே அகப்பட்டவை இங்கேயே, அங்கே நின்றவை அங்கேயே.

இன்னொரு பொறியையும் சொல்லி வைக்கிறேன். வெண்தலை இல்லாத நமது புலுனியின் படத்தைக் கைத்தொலைபேசிச் செயலிகளில் போட்டால், சில நேரம் இந்தியாவின் காட்டுச் சிலம்பன் என்று விடை வரும். பார்வைக்கு இரண்டும் அக்காவும் தங்கையும் போலத்தான். ஆனால் அந்த இனம் இலங்கையில் இல்லவே இல்லை. குரலும் வேறு: காட்டுச் சிலம்பனுடையது கரகரத்த சண்டைக் குரல், புலுனியுடையது மெல்லிய, உச்சத்தில் நடுங்குகிற சீழ்க்கை. மேர்லின் போன்ற செயலியில் இடத்தை இலங்கை என்று சரியாகக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது. இலங்கைக்கே உரிய செஞ்சொண்டுச் சிலம்பன் ஒன்று உண்டு, அது சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளின் பறவை, விசுவமடுவுக்கு வராது. பற்றைக் காடுகளில் செம்பழுப்பு வயிறு கொண்ட சிறிய சிலம்பன் ஒன்று மறைந்து திரியும். அது புலுனியைவிட நன்றாகச் சிறியது என்பதால் நீங்கள் மாறிப் பார்க்க வாய்ப்பில்லை.

சிங்களத்தில் புலுனிக்குத் தெமலிச்சா என்று பெயர். தமிழிச்சி என்று பொருள் படுகிற அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். ஓயாமல் கதைக்கிற பறவை என்பதற்கு மேல் நான் அதற்குள் எதையும் தேடுவதில்லை.

வாலில்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இறகு அடியோடு பிடுங்கப்பட்டிருந்தால் சில கிழமைகளில் புதிதாக முளைத்துவிடும். அது வளரும் வரைக்கும் உங்களுக்கு ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புலுனியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான், ஒவ்வொன்றையும் பிரித்தறிவது கடினம். வாலில்லாத ஒன்று இருந்தால், அது எங்கே நிற்கிறது, யாருக்குப் பக்கத்தில் போகிறது என்று தொடர்ந்து பார்க்கலாம். நாளுக்குக் கால் மணி நேரம், ஒரே இடத்தில் இருந்து, முதலில் எண்ணுங்கள். பிறகு எது மேலே நிற்கிறது என்று பாருங்கள். மற்றவை நிலத்தில் மேயும்போது ஒன்று மட்டும் கொப்பில் காவல் நிற்பதைக் காண்பீர்கள்.

கொண்டை வைத்த பறவை பெரும்பாலும் ஒரு கொண்டைக்குருவியாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது பூச்சி கிளம்பும் இடத்தில் மற்றப் பறவைகளோடு சேர்ந்து நிற்பதுண்டு.


நாற்றுமேடை (ஒட்டுசுட்டான்) எழுதியது:

புலுனியைப் பற்றி எல்லாரும் அன்பாகவே எழுதுகிறீர்கள். மிளகாய் நாற்றுமேடை போடுகிறவனின் பக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

விதை போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, பூவாளியால் தண்ணீர் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவதற்குள் ஒரு கூட்டம் வந்து வைக்கோலை முழுவதும் கிளறி மேடைக்கு வெளியே எறிந்திருக்கும். விதையை அவை தின்பதில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வைக்கோலுக்கு அடியில் ஈரத்தைத் தேடி வரும் பூச்சிதான் அவற்றுக்கு வேண்டும். ஆனால் வைக்கோல் போனால் வெயிலில் மேடை காய்ந்துவிடும், முளை கருகிவிடும். இரண்டு முறை இப்படி நட்டப்பட்ட பிறகு, முளைக்கும் வரைக்கும் மேடைக்கு மேலே கிடுகு சாத்துகிறேன். முளைத்த பின் பழைய மீன்வலையைக் கம்பு நட்டு இழுத்துக் கட்டினால் போதும். வலையை நிலத்தோடு தொங்கவிடக் கூடாது, கால் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை சிக்கிய ஒன்றை நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கிற வரைக்கும் மற்றவை எல்லாம் என் தலைக்கு இரண்டு முழம் மேலே முருங்கைக் கொப்பில் நின்று ஏசிக்கொண்டே இருந்தன. ஒன்றுகூட விட்டுவிட்டுப் போகவில்லை.

நான் அவற்றைக் கல்லெறிந்து கலைக்காமல் விட்டதற்குக் காரணம் வேறு. முந்தின போகத்தில் ஒரு மாலை, வைக்கோல் போருக்கு மேலே கூட்டம் முழுவதும் கூடி நின்று, வழக்கமான கதைபேச்சு இல்லாமல், இடைவிடாத கிரீச்சொலியாகக் கத்தியது. பூனை என்று நினைத்து வெறுங்காலோடு போனேன். போரின் அடியில், மாட்டுக்கு வைக்கோல் இழுக்க நான் தினமும் கை வைக்கிற இடத்தில், முழங்கை மொத்தத்தில் ஒரு புடையன் பாம்பு சுருண்டு கிடந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டால் ரோச் லைற்றும் தடியும் எடுத்துக்கொண்டுதான் போவேன். சாரைக்கும் கீரிக்கும்கூட அப்படித்தான் கத்துகின்றன, ஆகவே ஒவ்வொரு முறையும் புடையன் என்று பயப்படவும் தேவையில்லை.


முற்றத்துக்காரி (விசுவமடு) எழுதியது:

பாலைநிழல் தம்பிக்கு மிக்க நன்றி. பேரனிடம் தொலைபேசியில் சொன்னேன். “அப்ப படம் சரி, புலுனியும் சரி” என்று அவன் ஒத்துக்கொண்டான்.

சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது இத்தனை கடினம் என்று நினைக்கவில்லை. நிலத்தில் ஆறு என்று முடிக்கும்போது பற்றைக்குள்ளிருந்து ஏழாவது வரும், அதற்குள் முதலாவது மறைந்துவிடும். அவை வேலியைக் கடக்கும்போது எண்ணுவதுதான் சுலபம், ஏனென்றால் அப்போது ஒன்றன்பின் ஒன்றாகவே போகின்றன. ஒன்பது. காவல் நிற்பதையும் கண்டேன். அது எப்போதும் ஒரே பறவை என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. வாலில்லாததுகூட வேலிக் கதியாலின் உச்சியில் சிறிது நேரம் ஏறி நின்றது, சமநிலைக்கு வாலில்லாமல் தள்ளாடிக்கொண்டே.

ஆனால் கொண்டை வைத்தது கொண்டைக்குருவி அல்ல. கொண்டைக்குருவியை எனக்கு நன்றாகத் தெரியும், வால் அடியில் சிவப்பு இருக்கும். இது புலுனியைவிடச் சற்று மெலிந்து நீண்டது. நேற்றுக் காலை தேசிமரத்தின் தாழ்ந்த கொப்பில் இருந்து செட்டையை நடுக்கியபடி கத்திக்கொண்டிருந்தது. வாலில்லாத புலுனி சருகுக்குள்ளிருந்து ஒரு பச்சைப் புழுவை எடுத்தது. இரண்டு முறை கொப்பில் அடித்தது. அதைத் தான் தின்னாமல் கொண்டுபோய் அந்தக் கொண்டைப் பறவையின் வாய்க்குள் வைத்தது. வாயின் உள்ளே செக்கச் சிவப்பு. வாலில்லாதது திரும்புவதற்குள் இன்னொரு புலுனி வேறொரு பூச்சியோடு வந்துவிட்டது. வளர்ந்த பறவையொன்றுக்கு இப்படி ஊட்டுவதை நான் இதுவரை கண்டதில்லை.


குளக்கட்டு (வவுனியா) எழுதியது:

முற்றத்துக்காரி அம்மா, அதன் செட்டையில் சிறிதாக ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வால் இறகுகளின் நுனியும் வெள்ளையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது சுடலைக்குயிலின் குஞ்சு. உங்கள் புலுனிகள் பெற்றது அல்ல, ஆனால் அவை வளர்த்தது.

குயில் காகத்தின் கூட்டில் முட்டையிடுவது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதேபோலச் சுடலைக்குயில் புலுனியின் கூட்டைத் தேடும். வளர்ந்த சுடலைக்குயிலை நீங்களும் கண்டிருப்பீர்கள்: மேலே கறுப்பு, கீழே வெள்ளை, கூரான கறுப்புக் கொண்டை, நீண்ட வால், பறக்கும்போது செட்டையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. இரணைமடுக் குளத்தின் கட்டோரப் பற்றைகளிலும் செட்டிகுளம் பக்கத்து வெளிகளிலும் மந்தமாகப் பறந்து திரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மழைத்துளியை மட்டுமே குடித்து வாழும் என்று பழைய இலக்கியங்கள் சொல்லும் சாதகப்புள் இதுதான் என்று கொள்வார்கள். வட இந்தியாவில் அது பருவமழையோடு வந்து சேர்வதால் அந்தக் கதை பிறந்திருக்கலாம். நம்முடையது இங்கேயே ஆண்டு முழுவதும் இருக்கும் பறவை, ஆகவே வன்னியில் அதைப் பார்த்து மழையை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம்.

புலுனியின் முட்டை நல்ல நீலம், சிலவேளை பசுமை கலந்த நீலம். சுடலைக்குயிலின் முட்டையும் நீலம். கண்ணால் பிரிப்பது எளிதல்ல. புலுனிக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. ஒரு விடயத்தில் மட்டும் சுடலைக்குயில் மற்றச் சில குயிலினங்களைவிட நாகரிகமானது. அதன் குஞ்சு கூட்டில் உள்ள மற்ற முட்டைகளையோ குஞ்சுகளையோ முதுகால் உந்தி வெளியே தள்ளுவதில்லை. அதனால் சில கூடுகளில் புலுனிக் குஞ்சும் குயில் குஞ்சும் ஒன்றாகவே வளர்ந்து வெளியே வருகின்றன. ஆனால் இரை கேட்டுக் கத்துவதில் குயில் குஞ்சை வெல்ல முடியாது, அதனால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு குறையத்தான் செய்யும்.

நீங்கள் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஊட்டியது ஒரு பறவை அல்ல, இரண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பார்த்தால் மூன்று, நான்கு என்றும் வரும். புலுனிக் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். ஒரு சோடி முட்டையிட்டால், முந்தைய ஈட்டில் பிறந்து பிரிந்து போகாமல் நிற்பவையும் மற்ற உறவுகளும் சேர்ந்து குஞ்சுக்கு இரை கொண்டுவரும். நான் மூன்று ஆண்டுகளாக ஒரே கூட்டத்தைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டு மாதுளையில் கூடு வைத்தபோது ஒரு மணி நேரத்தில் கூட்டுக்கு வந்து போனவற்றைக் கண் நிறத்தால் பிரித்துக் குறித்தேன். நான் பார்த்தவரையில் இளம் பறவையின் கண் கருமையாகவும் வளர வளர வெளிறியும் போகிறது. கருங்கண்ணோடு ஒன்று, அதாவது தானே ஓர் ஆண்டைக் கடந்திராத பிள்ளை, பெரியவற்றின் நடுவே ஒரு வெட்டுக்கிளியோடு வரிசையில் நின்றது. நெருங்கி வந்து ஊட்டப் போய், கடைசி நேரத்தில் தானே அதை விழுங்கிவிட்டது. பழகிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

ஆகவே அந்தக் குயில் குஞ்சைக் கலைக்க வேண்டாம். அது இன்னும் சில நாள் நின்று உங்கள் புலுனிகளைப் பாடாய்ப் படுத்திவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் போய்விடும்.


பாலைநிழல் (கிளிநொச்சி) எழுதியது:

கொண்டைக்குருவி என்று அவசரப்பட்டு எழுதியது என் பிழை. நெஞ்சு சந்தன நிறம் என்று அக்கா முதலிலேயே எழுதியிருந்தார், நான்தான் கொண்டை என்ற சொல்லோடு நின்றுவிட்டேன். குளக்கட்டு ஐயாவுக்கு நன்றி.


பனிக்குள் ஒருவன் (ரொறன்ரோ) எழுதியது:

பரந்தனில் பிறந்தவன் நான். புலுனி என்ற சொல்லை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இங்கேதான் வாசிக்கிறேன். நாங்கள் கூடிக் கதைத்தால் “என்ன புலுனிக் கூட்டம் மாதிரி” என்று அம்மா ஏசுவார். அந்தப் பறவையை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. முற்றத்துக்காரி அம்மா, முடிந்தால் காலையில் அவை வேலிக்குள் கத்துவதைக் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் பதிந்து இங்கே போடுவீர்களா?


கிணற்றடி (மல்லாவி) எழுதியது:

புலுனிகள் வளவை விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாங்கள் வளவு கூட்டுவதில் பெருமை உள்ளவர்கள். விடியக் காலையில் ஈர்க்குமாறு பிடித்து, ஓர் இலை கிடக்காமல் கூட்டி, குவித்து எரித்தால்தான் வீடு வீடாக இருக்கும் என்று என் மாமியார் இப்போதும் சொல்வார். ஆனால் புலுனியின் சாப்பாடு முழுவதும் அந்தச் சருகுக்குள்தான் இருக்கிறது. கறையான், வண்டு, புழு, சிலந்தி, வெட்டுக்கிளி எல்லாம் அதற்குள்தான். சில நேரம் சிறிய ஓணானையும் பிடிக்கும். முற்றத்தை மாமியாருக்காகக் கூட்டிவிட்டு, கோடிப்பக்கத்தில் பலாமரத்தின் கீழ் மட்டும் கூட்டாமல் விட்டிருக்கிறேன். ஆறு மாதத்தில் அந்த இடம்தான் அவற்றின் குசினி ஆகிவிட்டது. பாம்பு வரும் என்று பயந்தால், அந்த மூலையை வீட்டிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நாற்றுமேடைத் தம்பி எழுதியதுபோலக் காவல்காரர் இருக்கிறார்கள்.

சோளகம் அடிக்கிற மாதங்களில், குளமும் வாய்க்காலும் வற்றிக் கிடக்கும்போது, தண்ணீர்தான் பெரிய உதவி. அகலமான, ஆழமில்லாத மண்சட்டி ஒன்று போதும். நான்கு விரல் ஆழத்துக்கு மேல் வேண்டாம். மாலையில் கூட்டமாக வந்து, ஒன்று குளிக்க மற்றவை கரையில் நின்று, பிறகு முறை மாறிக் குளித்து, நனைந்த கோழிக்குஞ்சுபோலக் கொப்பில் ஏறி ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதிக் கொடுக்கும். தண்ணீரை நாள்தோறும் கொட்டிச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் என் சட்டியைக் கண்டதும் முகம் சுருக்கினார். அன்று காலை மாற்றிய தண்ணீர் என்று சொல்லி, உள்ளே ஒரு நுளம்புக் கூத்தன்கூட இல்லை என்று காட்டிய பிறகுதான் அடுத்த வளவுக்குப் போனார். பூனை பதுங்கக்கூடிய பற்றைக்குப் பக்கத்தில் சட்டியை வைக்காதீர்கள். ஏறித் தப்ப ஒரு கொப்பு மட்டும் மேலே இருக்கட்டும்.

2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது இந்த வளவில் மிஞ்சியிருந்தவை கிணற்றுக்கட்டும் பலாமரமும்தான். வீடு நின்ற இடத்தை நாயுண்ணிப் பற்றை மூடியிருந்தது. தறப்பாளுக்குக் கம்பு நட இடம் வெட்டுவதற்கு என் கணவர் கத்தியை ஓங்கியபோது பற்றைக்குள்ளிருந்து கூட்டமாகக் கத்திக்கொண்டு வெளியே வந்தவை புலுனிகள். வளவுக்கு உரித்துக்காரர் யார் என்று எங்களைக் கேட்பதுபோல இருந்தது. அந்தப் பக்கத்துப் பற்றையை நாங்கள் கடைசியாகத்தான் வெட்டினோம்.


முற்றத்துக்காரி (விசுவமடு) எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். செட்டையில் வெள்ளைத் திட்டு இருந்தது, வால் நுனியும் வெள்ளை. குளக்கட்டு ஐயா சொன்னது சரி. நான் கண்டவரைக்கும் நான்கு புலுனிகள் அதற்கு ஊட்டின. கடந்த வியாழனோடு அதைக் காணவில்லை. மறுநாள் காலை வாலில்லாதது ஒரு புழுவைப் பிடித்துக்கொண்டு தேசிமரத்தின் அதே கொப்புக்கு ஏறி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சிறிது நேரம் வைத்திருந்து தானே தின்றது.

ரொறன்ரோத் தம்பிக்காகப் பதிந்த ஒலியை இத்துடன் இணைத்திருக்கிறேன். நடுவில் கேட்பது எங்கள் வீட்டுச் சேவல், பொறுத்துக்கொள்ளவும்.

மாமரத்தின் கீழ் இப்போது கூட்டுவதில்லை. இருட்டும் நேரத்தில் ரோச் லைற்றை நிலத்துக்குத் திருப்பிப் பிடித்தபடி ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒன்பதும் தேசிமரத்தின் ஒரே கொப்பில், தோளோடு தோள் முட்டி, இடைவெளி இல்லாமல் வரிசையாக இருந்தன. ஓரத்தில் இருந்தது மற்றவற்றின் மேலால் ஏறி உள்ளே நுழையப் பார்த்து இரண்டு முறை தள்ளுண்டது. வாலில்லாதது நடுவில் இருந்தது. அதற்கு இப்போது பெருவிரல் நீளத்துக்கு வால் முளைத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் அதை என்னால் அடையாளம் காண முடியாமல் போய்விடும்.